“இங்கே அப்படியெல்லாம் இல்லை” என்னும் வாதம்

குழந்தைகளைப் பாலியல் சுரண்டலிலிருந்தும் வன்கொடுமையிலிருந்தும் காக்கப் பன்னாட்டு அமைப்புகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்துவரும் முயற்சிகளைப் பற்றித் தென்காசி, குற்றாலம் போன்ற ஊர்களில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கருத்து ஏறக்குறைய மறுப்பின்றி முன்வைக்கப்படுகிறது. இந்தக் கொடுமை கோவா, பாங்காக், நீர்கொழும்பு போன்ற கடற்கரைகளில் வெள்ளைக்காரப் பயணிகளால் நேர்வது என்றும், குற்றாலமோ குடும்பத்தோடு வந்து அருவியில் நீராடிக் குற்றாலநாதரைத் தொழுது திரும்பும் ஊர் என்றும், ஆகவே ஜெனீவாவிலும் ஸ்டாக்ஹோமிலும் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு இந்த மண்ணில் வேலையில்லை என்றும் அக்கருத்து சொல்கிறது. படித்தவர்கள் இதையே சற்று மெருகேற்றி, குடும்பம் சிதைந்துபோன மேலைநாடுகள் தமக்காக ஆக்கிக்கொண்ட சட்டங்களை உறவுகளால் கட்டப்பட்ட தமிழ்க் குடும்பத்தின்மீது திணிப்பது தேவையற்றது என்கின்றனர். வெளியாளைக் கண்காணித்தால் போதும், வீட்டையும் ஊரையும் சந்தேகிக்க வேண்டாம் என்பதே இரு தரப்பாரும் வந்து சேரும் முடிவு. இம்முடிவு பிழையானது, அதைவிடக் கேடானது என்னவென்றால், அது குழந்தையை எங்கே காக்க வேண்டுமோ அங்கிருந்து பெரியவர்களின் பார்வையைத் திருப்பிவிடுகிறது.

எதிர்க்கப்படும் ஒப்பந்தம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் அதை எதிர்ப்போரில் பலர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஐ.நா. பொது அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று இணைந்தது. அதன் 34ஆம் பிரிவு, குழந்தையைப் பாலியல் செயலுக்குத் தூண்டுவதையும் கட்டாயப்படுத்துவதையும், பாலியல் தொழிலிலும் ஆபாசப் படங்களிலும் பயன்படுத்துவதையும் தடுக்க அரசுகளைக் கடமைப்படுத்துகிறது; 35ஆம் பிரிவு கடத்தலையும் விற்பனையையும், 39ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தை உடலாலும் மனத்தாலும் மீண்டெழத் துணைநிற்பதையும் பற்றியவை. 2000ஆம் ஆண்டில், மூல உடன்படிக்கையில் உள்ள நாடு தனியே ஒப்புக்கொண்டு ஏற்கும் துணை ஒப்பந்தமாகிய ‘விருப்ப நெறிமுறை’ ஒன்று குழந்தை விற்பனை, பாலியல் தொழில், ஆபாசப் படங்கள் ஆகியவை குறித்து உருவாக்கப்பட்டது. இந்தியா 2005இல் அதை ஏற்புறுதி செய்தது. இவை எல்லாவற்றையும்விட இந்த வாதத்துக்கு நெருக்கமானது உடன்படிக்கையின் 19ஆம் பிரிவாகும். பெற்றோரின் பொறுப்பில் இருந்தாலும், சட்டப்படியான பாதுகாவலரின் பொறுப்பில் இருந்தாலும், பராமரிக்கும் வேறு எவருடைய பொறுப்பில் இருந்தாலும், குழந்தைக்குப் பாலியல் கொடுமை உள்ளிட்ட எவ்வகை வன்முறையும் நேராமல் காக்க அரசு சட்டத்தாலும் நிருவாகத்தாலும் கல்வியாலும் ஆவன செய்ய வேண்டும் என்கிறது அப்பிரிவு. அயல்நாட்டுப் பயணி என்ற சொல்லே அதில் இல்லை; வீட்டின் பெயர்தான் முதலில் வருகிறது.

அப்படியிருக்க, ‘இது வெள்ளைக்காரன் செய்யும் குற்றம்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்குப் பன்னாட்டு இயக்கமும் ஓரளவு பொறுப்பேற்க வேண்டும். 1990இல் தாய்லாந்தில் தொடங்கப்பட்ட எக்பாட் என்னும் அமைப்பு, ஆசியச் சுற்றுலாவில் குழந்தைகள் பாலியல் தொழிலில் தள்ளப்படுவதை ஒழிப்பதையே தன் பெயராகவும் இலக்காகவும் கொண்டிருந்தது. 1996 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் 122 அரசுகள் கூடிய முதல் உலக மாநாட்டிலும் வணிக நோக்கிலான சுரண்டலே மையப் பொருள். அயல்நாட்டுக்குச் சென்று குழந்தைகளை நாடும் பயணியே அக்காலத்துச் செய்திகளில் குற்றவாளியின் உருவமாக இருந்தான். ஆனால் அந்த இயக்கம் அங்கேயே நின்றுவிடவில்லை. பயணத்திலும் சுற்றுலாவிலும் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி எக்பாட் 2016இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, அயல்நாட்டாரைவிடச் சொந்த நாட்டுக்குள்ளும் அண்டை வட்டாரத்திலும் பயணம் செய்வோரே இக்குற்றத்தில் மிகுதி என்றும், குழந்தைகளையே தேடித் திரிபவர் சிலராக இருக்க, தன்னை யாரும் அறியாத ஊரில் வாய்ப்புக் கிடைத்ததால் குற்றம் செய்பவரே பலர் என்றும் கண்டது. பன்னாட்டு அமைப்பு தன் பழைய பார்வையைத் திருத்திக்கொண்டு ஆண்டுகள் பல ஆகின்றன. அந்தப் பழைய பார்வையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உள்ளூரில்தான் இருக்கிறார்கள்.

‘வெளியாள்’ வாதத்துக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படும் இரண்டு இந்திய வழக்குகளே அந்த வாதத்தை உடைக்கின்றன. கோவாவின் மட்காவில் 1991இல் கைதாகி 1996இல் ஆயுள் தண்டனை பெற்ற ஃபிரெடி பீட்ஸ் கடற்கரையில் வந்திறங்கி மறுநாள் மறைந்துபோன பயணி அல்லர். ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்தி, ஊராரின் நன்மதிப்பைப் பெற்று, அங்கேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மும்பை கொலாபாவில் ‘ஆங்கரேஜ்’ என்ற காப்பகத்தை நடத்திய டங்கன் கிராண்ட், ஆலன் வாட்டர்ஸ் ஆகிய இருவரும் தெருவோரச் சிறுவர்களுக்குச் சோறும் கூரையும் தருபவர்களாகவே அறியப்பட்டிருந்தனர். உயர் நீதிமன்றத்தில் விடுதலையான அவர்களின் தண்டனையை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. மூவரும் குழந்தைகளை நெருங்கியது அயலாராக அன்று. புரவலராக, பொறுப்பாளராக, நம்பத்தக்கவராக. அவர்களின் தோல் நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அவர்கள் வகித்த இடத்தை மறந்துவிட்டவர்களே ‘வெளியாளைப் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாட்டர்ஸ் அமெரிக்காவில் பிடிபட்டு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டதற்குக் காரணம், பலரும் பயனற்றது என்று ஒதுக்கும் பன்னாட்டு ஒத்துழைப்புதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனிக் குற்றாலத்துக்கு வரலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசிச் சாரல் விழத் தொடங்கும் ஜூன் மாதத்திலிருந்து சீசன் முடியும்வரை பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எல்லா இடங்களுக்கும் மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்தும், புளியரை வழியாகக் கேரளத்திலிருந்தும் வேன்களிலும் கார்களிலும் மக்கள் வந்து குவிகிறார்கள். 2016ஆம் ஆண்டின் ஆய்வு சொன்ன உள்நாட்டுப் பயணிகள் இவர்கள்தான். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகுட்டிகளோடு வந்து குளித்துச் செல்லும் எளிய மக்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒருவரை ஒருவர் அறியாத இத்தனை பெரிய கூட்டம் ஒரு சிற்றூரில் சீசன் முழுதும் வந்து தங்கிப் போகும்போது, அங்கே குழந்தைகளுக்கான ஏற்பாடு என்ன என்று கேட்பது நியாயமே. பேருந்து நிலையத்தருகே ‘ரூம் வேணுமா?’ என்று கேட்டு அழைத்துப் போகிறவரின் பின்னால் சென்று ஒரு விடுதியின் முன்மேசையில் நின்றால், பல இடங்களில் நடப்பது இதுதான்: அறையெடுப்பவர் ஒருவரின் ஆதார் நகல் வாங்கப்படுகிறது, பதிவேட்டில் அவர் பெயரும் ஊரும் கைபேசி எண்ணும் எழுதப்படுகின்றன, உடன்வந்தோர் ‘பெரியவர் 2, சிறியவர் 2’ என்று எண்ணிக்கையாக மட்டும் பதிவாகிறார்கள். அந்தச் சிறியவரின் பெயர் என்ன, அறையெடுத்தவருக்கு அவர் என்ன உறவு என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இருப்பதில்லை.

இதைச் சொல்வது குற்றாலத்து விடுதிகள்மீது பழிசுமத்துவதற்காக அன்று. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும்படி அவர்களை யாரும் பணிக்கவில்லை என்பதே இங்கு உள்ள குறை. பீட்ஸ் வழக்கின் பாடத்தைக் கற்ற கோவா, 2003இல் தனக்கென ஒரு குழந்தைகள் சட்டம் இயற்றி, குடும்பத்தார் அல்லது உறவினரோடு தங்குபவராகப் பதிவு செய்யப்படாத எந்தக் குழந்தையையும் தங்கும் விடுதியின் அறைக்குள் விடக்கூடாது என்று விதித்தது. விடுதி வளாகத்தில் குழந்தையின் பாதுகாப்புக்கு உரிமையாளரையும் மேலாளரையும் பொறுப்பாக்கியது. இத்தகைய விதி குற்றாலத்துக்கு வந்தால் ஊர்ப் பெயர் கெடும், சீசன் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அருவியில் நீர்வரத்து கூடும்போது குளிக்கத் தடை போடுகிறார்கள், காவலர் விசிலடித்துக் கூட்டத்தைக் கரையேற்றுகிறார். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோன பின் அந்தக் கண்டிப்பை எவரும் குறைசொல்வதில்லை, அதனால் குற்றாலத்துக்கு வருவோரும் குறைந்துவிடவில்லை. தண்ணீரின் ஆபத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன்னெச்சரிக்கையை மனிதரின் ஆபத்துக்கு ஒப்புக்கொள்ள மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆயினும் சுற்றுலா என்பது இந்தப் பொருளின் ஒரு கிளைதான். வேர் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள்; கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரியவர்கள். காவல்துறையில் பதிவாகும் வழக்குகளைத் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளில் குழந்தைகள்மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவரே. சென்னையில் ‘துளிர்’ அமைப்பு 2006இல் 2,211 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் பையன்களில் 48 விழுக்காட்டினரும் பெண்பிள்ளைகளில் 39 விழுக்காட்டினரும் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். ‘ஆம்பளப் பையனுக்கு என்ன வந்துவிடப் போகிறது’ என்று சொல்லிப் பையன்களை எங்கும் எவரோடும் அனுப்பிவைக்கும் வழக்கத்துக்கு இந்த ஓர் எண் போதுமான மறுமொழி.

தென்காசி மாவட்டத்தில் ஒரு குழந்தையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை எண்ணிப்பார்த்தால் இந்தக் கணக்குகள் வியப்பளிக்கமாட்டா. கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் கீழப்பாவூரிலும் மடியில் சுளகை வைத்து இலை வெட்டிப் பீடி சுற்றும் தாய், கட்டு முடிந்ததும் அதைக் கடையில் கொடுத்துத் தூளும் இலையும் வாங்கிவரப் பிள்ளையை அனுப்புகிறாள். தந்தை வளைகுடாவிலோ திருப்பூரிலோ கேரளத்திலோ இருக்கிறார். பள்ளிக்கு வேன், மாலையில் டியூஷன், தாய் வெளியே போனால் பெரியப்பா வீடு அல்லது அடுத்த வீடு. இந்த வட்டத்தில் அயலார் என்று எவரும் இல்லை. வட்டத்தில் உள்ள மிகப் பலர் அந்தக் குழந்தையைத் தம் பிள்ளைபோல் பார்த்துக்கொள்பவர்கள். ஆனால் ஒருவர் அவ்வாறு இல்லாதபோது, ‘தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே’ என்ற ஒரே அறிவுரையோடு வளர்ந்த குழந்தைக்கு, தெரிந்தவரின் கை தவறாக நீளும்போது சொல்வதற்குச் சொல்லும் இல்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை. 2018இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு மாதக்கணக்கில் கொடுமை இழைத்ததாகக் கைதான 17 பேரும் அவள் வாழ்ந்த அடுக்ககத்திலேயே காவலும் மின்தூக்கியும் குழாயும் பார்த்தவர்கள். 2020 பிப்ரவரியில் அவர்களில் 15 பேர் தண்டிக்கப்பட்டனர். அந்த அடுக்ககத்தின் வாயிலில் வெளியாளைக் கண்காணிக்கக் காவல் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இந்த உண்மையை இந்தியச் சட்டம் அறிந்தே எழுதப்பட்டுள்ளது. போக்சோ என்று சுருக்கமாக வழங்கும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், தன் முகப்புரையிலேயே 1992இல் இந்தியா ஏற்ற உடன்படிக்கையைச் சுட்டுகிறது. உடன்படிக்கையின் வரையறையைப் பின்பற்றிப் பையன், பெண் என்ற வேறுபாடின்றிப் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. அதன் 5ஆம் பிரிவு, இரத்த உறவினர், திருமண உறவினர், ஆசிரியர், காவலர், மருத்துவமனை ஊழியர், சமய நிறுவனத்தில் இருப்பவர் எனக் குழந்தைமீது அதிகாரமோ நம்பிக்கையோ பெற்றவர் செய்யும் குற்றத்தை மற்றவர் செய்வதைவிடக் கொடியதாகக் கருதுகிறது. 2012க்கு முன் பையன்களுக்கு நேரும் கொடுமைக்கு இயற்கைக்கு மாறான குற்றம் என்ற பழைய பிரிவைத் தவிர வேறு போக்கிடம் அரிது. அயல்நாட்டு இறக்குமதி என்று பழிக்கப்படும் ஒப்பந்தம் தென்காசிப் பையன் ஒருவனுக்குத் தந்த காப்பு இது.

‘இறக்குமதி’ என்ற அந்தப் பழியே வரலாற்றறிவின்மையால் எழுவது. குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவிலேயே முதலில் இயற்றப்பட்டது சென்னை மாகாணத்தில், 1920இல், ஐ.நா. அவை பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்துச் சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோதும், ஊர் ஊராக மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேசியபோதும், மரபு அழிகிறது, குடும்ப வழக்கில் தலையிடுகிறார்கள் என்ற இதே எதிர்ப்புதான் எழுந்தது. அந்த எதிர்ப்பைத் தாண்டி 1947இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆகவே குழந்தையின் உடல்மீது பெரியவருக்கு உரிமையில்லை என்ற கொள்கையைத் தமிழருக்கு ஜெனீவா கற்பிக்கவில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் அவமதிப்பைப் பொறுத்து வென்றெடுத்த கொள்கை அது. அவர்களின் உழைப்பை மறந்துவிட்டு அதை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவது நன்றிகெட்ட செயல்.

ஒப்பந்தங்கள் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன என்ற இன்னொரு குற்றச்சாட்டுக்கு அம்பத்தூர் வழக்கு விடை தருகிறது. அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் தம் தளங்களில் காணும் குழந்தைப் பாலியல் கொடுமைப் படங்களைப் பற்றி, காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அந்த மையத்தோடு இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டதால், இந்தியாவைச் சுட்டும் தகவல்கள் மாநிலக் காவல்துறைகளுக்கு வந்து சேர்கின்றன. அவ்வாறு வந்த ஒரு தகவலின்பேரில் 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு வழக்கு பதிவாயிற்று. தனிமையில் பார்க்கக் கைபேசியில் இறக்கி வைத்ததே குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ரத்துசெய்தபோது, குழந்தை உரிமை அமைப்புகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, இத்தகைய படத்தை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பவரின் நோக்கத்தை அந்தச் செயலிலிருந்தே ஊகிக்க முடியும் என்றது. கடல்கடந்த ஒரு கணினியில் தொடங்கிய தகவல் அம்பத்தூர்க் காவல் நிலைய மேசைக்கும் அங்கிருந்து நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்று சட்டத்தை உறுதிப்படுத்தியிருக்கிறது. 2023இல் அந்த அமெரிக்க மையத்துக்கு வந்த 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட தகவல்களில் மிக அதிகமானவை இந்தியாவையே சுட்டின. ஒரே படம் பலமுறை பகிரப்படுவதால் இவ்வெண்ணிக்கை குற்றவாளிகளின் எண்ணிக்கை ஆகாது என்றாலும், கைபேசி உள்ள எந்த ஊரும் இதற்கு வெளியே இல்லை என்பதை அது காட்டுகிறது. அருவிக்கரையில் குளிக்கும் பிள்ளைகளை யார் யாரோ படமெடுப்பதை விளையாட்டாகப் பார்ப்பவர்கள் இதை எண்ண வேண்டும்.

எதிர்ப்போரின் வாதங்களில் ஒன்று மட்டும் கனமானது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. பதினாறு, பதினேழு வயதில் விருப்பத்தோடு பழகும் இருவரில் பையனைச் சிறைக்கு அனுப்பப் போக்சோ பயன்படுகிறது, அதிலும் சாதி மாறிய காதலில் பெண் வீட்டார் அதை ஆயுதமாக்குகிறார்கள் என்பது தென்மாவட்டங்களில் கண்கூடு. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பில், வளரிளம் பருவத்தினரின் இத்தகைய உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று கூறியது. 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர் இவ்வகை வழக்குகளில் கைது செய்ய அவசரப்பட வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டார். சட்டமே இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் இந்தக் குறையைக் காட்டி முழுச் சட்டத்தையும் ஐயத்துக்குள்ளாக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. சாதிக்காகக் காவல் நிலையம் ஏறத் தயங்காத அதே குடும்பம், மாமனோ சித்தப்பனோ குழந்தையைத் தீண்டினான் என்றால் ‘வெளியே தெரிந்தால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும்’ என்று கதவைச் சாத்துகிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகையைப் பேசி முடிக்கிறார்கள். இந்தச் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையும், நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையும் சிறை என்கிறது 21ஆம் பிரிவு.

மானம் போகும் என்ற அச்சத்தில் பாதி, காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் பற்றிய பழைய நினைவிலிருந்து வருவது. போக்சோ சட்டப்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வந்து பெற வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம்சாட்டப்பட்டவரைக் குழந்தை எதிர்கொள்ளும்படி விடக் கூடாது. அதன் பெயரோ முகமோ பள்ளியோ ஊடகத்தில் வெளிவரக் கூடாது. விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். பெண்ணுடலை இழிவுசெய்யும் இரு விரல் பரிசோதனையை நிறுத்தும்படி 2022 ஏப்ரலில் மாநில அரசுக்கு உத்தரவிட்டது, தென்காசியையும் தன் எல்லைக்குள் கொண்ட, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே. குழந்தையை மீண்டும் புண்படுத்தாமல் நீதி வழங்க வேண்டும் என்னும் பன்னாட்டு நெறி இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. இவை எல்லா இடத்திலும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை, ஓராண்டு என்பது பல வழக்குகளில் நீள்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் குறை சட்டத்தைக் கேட்டுவாங்குவதற்கான காரணமே தவிர, கைவிடுவதற்கான காரணம் அன்று.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகளே ஆகின்றன. பழைய வழக்கங்கள் இறுகாத நிருவாகம் ஒன்றுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதற்கு இருக்கிறது. அடுத்த சாரல் தொடங்குமுன் மாவட்ட நிருவாகம் குற்றாலத்து விடுதிகள் அனைத்திலும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் உறவையும் பதிவதைக் கட்டாயமாக்கட்டும். அருவிக்கரையிலும் உடை மாற்றும் அறைகளிலும் பேருந்து நிலையத்திலும் செங்கோட்டை, தென்காசி ரயில் நிலையங்களிலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் குழந்தையின் கண்மட்டத்தில் எழுதிவைக்கட்டும். ஊராட்சிதோறும் இருக்க வேண்டிய குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடுகிறதா என்று ஊர்மக்கள் கிராம சபையில் கேட்கட்டும். வீட்டில் குழந்தை ஒருவரின் பெயரைச் சொல்லி ‘அவங்க வீட்டுக்குப் போகமாட்டேன்’ என்று அழுதால், அடம்பிடிக்கிறது என்று அதட்டாமல், ஏன் என்று பெற்றோர் கேட்கட்டும்.